குளிர்காலம் வருமுன் அந்தக் குழாயில் கை வை

திருகோணமலை,
ஆவணி மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ இருக்கிறது, ஆனாலும் வெள்ளிக்கிழமை என்றால் கோணேசர் கோயிலுக்கு ஏறாமல் விடமாட்டார். கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. மத்தியானத்தில் உட்துறைமுகப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் உதடு வெடித்துவிடுகிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹொட்டேல்கள் நிரம்பிக் கிடக்கின்றன. அதனால் ஏசி வேலைக்குக் குறைவில்லை, நித்திரைக்குத்தான் குறைவு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் ரொறன்ரோ அடுக்குமாடியின் சூடாக்கும் பிரதான குழாயிலிருந்து நிலக்கீழ்த் தளத்தில் புதிதாக ஒரு கிளை எடுக்க வேண்டும், நிர்வாகம் நவம்பரில்தான் வேலையை வைத்திருக்கிறது, அப்போது பொயிலரை நிறுத்த முடியாது, அதனால் ஓடுகிற குழாயிலேயே ஹொட் டேப்பிங் முறையில் துளை போடலாமா என்று எழுதியிருந்தாய். போடலாம். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நாம் சின்ன வயதில் சீனக்குடாவில் பார்த்த அந்த எண்ணெய்த் தாங்கிகளின் தொழிலில் இது பழகிய வேலை. ஆனால் மச்சான், ஏன் நவம்பர்? இப்போது ஆவணி. உங்கள் பொயிலர் ஓடவில்லை, குழாயில் நிற்பது அறைச் சூட்டுத் தண்ணீர். இதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் நாங்கள் இங்கே செய்ததைச் சொல்கிறேன். நீ பொயிலர் அறையைப் பார்ப்பவன், பைப் வேலைக்காரன் இல்லை. ஒப்பந்தக்காரன் வந்து கதைக்கும்போது உனக்கு விளங்க வேண்டும்.

போன மாதம் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹொட்டேலில் வேலை. புதிய அறைத்தொகுதி ஒன்று கட்டி முடித்துவிட்டார்கள். அதன் ஏசிக்குக் குளிர்நீர் கொடுக்க, ஓடிக்கொண்டிருக்கும் 6 அங்குலக் குழாயிலிருந்து 3 அங்குலக் கிளை வேண்டும். முதலில் கட்டியவர்கள் பின்னாளுக்கென்று ஒரு வால்வைக்கூட விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு ஒரு டீயும் (T வடிவ மும்முனை இணைப்பு) வால்வும் மூடியும் பூட்டியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. நான் இதை எந்தக் கட்டடத்தில் பார்த்தாலும் கோபப்படுகிறேன்.

சீசன் நேரத்தில் தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் இயந்திரத்தை நிறுத்தினால் விருந்தாளிகள் சண்டைக்கு வருவார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். இது மூடிய சுற்று. உள்ளே ஓடுவது வருடக்கணக்காக அதே தண்ணீர்தான். அதில் கரைந்திருந்த ஒட்சிசன் தொடக்கத்திலேயே இரும்போடு சேர்ந்து தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினால் ஒட்சிசனும் புதிதாக உள்ளே போகும். துருவுக்குப் போட்ட மருந்தும் வாய்க்காலில் போய்விடும். மேல்மாடி ஏசிகளின் குழாய்ச் சுருள்களில் காற்று அடைத்துக்கொள்ளும். நிறுத்துவது சில மணிநேரம் என்றாலும், வடித்து, நிரப்பி, மூலை மூலையாகக் காற்றை எடுத்து முடிக்க நாட்கள் போகும். நிறுத்துவதையும் வடிப்பதையும் எல்லோரும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். அவை இரண்டு வேறு விஷயங்கள், உன்னுடைய வேலைக்கு இந்த வித்தியாசம் மிகவும் முக்கியம்.

முதல் நாள் நாங்கள் எடுத்துப்போனது தடிப்புமானி மட்டும்தான். ஒலியலையை அனுப்பிக் குழாயின் சுவர் எவ்வளவு தடிப்பு என்று சொல்லும் சின்னக் கருவி. ஷெடியூல் என்பது குழாய்ச் சுவரின் தடிப்பு வகையைச் சொல்லும் எண். 6 அங்குலத்தில் ஷெடியூல் 40 குழாய் என்றால் சுவர் 7.1 மில்லிமீட்டர். அதே 6 அங்குலத்தில் ஷெடியூல் 10 என்றால் 3.4 மட்டுமே. வெளிவிட்டம் இரண்டுக்கும் 168 மில்லிமீட்டர்தான், கண்ணால் பார்த்து வித்தியாசம் பிடிக்க முடியாது. வரைபடத்தையும் நம்பாதே, வரைந்தது ஒன்று, பூட்டியது ஒன்றாக இருக்கலாம். எங்களுடைய குழாய் ஷெடியூல் 40 தான். ஆனால் இன்சுலேஷன் கிழிந்திருந்த ஓர் இடத்தில், வேர்வைத் தண்ணீர் தேங்கி நின்ற அடிப்பக்கம் 5க்குக் கீழே காட்டியது. கடற்கரை உப்புக்காற்றும் அந்த ஈரமும் சேர்ந்து வெளியிலிருந்தே தின்றிருக்கிறது. அந்த இடத்தை விட்டு நல்ல தடிப்பு உள்ள இடத்துக்குத் தள்ளிப்போனோம். குழாயின் வெல்டிங் மூட்டிலிருந்தும் விலகியே நின்றோம்.

அடுத்தது கிளையை எப்படி ஒட்டுவது என்ற கேள்வி. ஓடும் குழாயில் வெல்டிங் பிடிக்கும்போது சுவர் மெல்லியதாக இருந்தால் உருகிய இடத்தை உள்ளழுத்தம் தள்ளித் துளைத்துவிடும். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் எண்ணெய்த் துறைக்கு எழுதிய ஏபிஐ 2201 என்ற வழிகாட்டி, பெரும்பாலான வேலைகளுக்குக் குறைந்தது 4.8 மில்லிமீட்டர் சுவர் வேண்டும் என்கிறது. எங்களுக்குத் தடிப்பு போதும்தான், ஆனால் குளிர்நீர்க் குழாயில் வேறு தொல்லை இருக்கிறது. உள்ளே 7 பாகைத் தண்ணீர். இன்சுலேஷனைக் கழற்றிய உடனே இந்த ஊர்க் காற்றில் குழாய் வேர்க்கத் தொடங்கும், எத்தனை தரம் துடைத்தாலும் மறுபடி வேர்க்கும். அந்த ஈரத்திலிருந்து ஐதரசன் வெல்டிங்குக்குள் போகும். ஓடும் குளிர்நீர் சூட்டை உடனே இழுத்துக்கொள்வதால் உலோகம் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வரும். இரண்டும் சேர்ந்தால் வெல்டிங் பிடித்த அன்றைக்கு நன்றாக இருப்பது பிறகு ஒரு நாள் விரிசல் விடும். எங்கள் வெல்டிங் பாஸ் நல்ல கைகாரர், தான் பிடித்துத் தருவதாகச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. இரண்டு பாதியாக வந்து குழாயைச் சுற்றிப் போல்ட்டில் இறுகும் டீயைத்தான் எடுத்தோம். அதற்குள் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் கஸ்கெட் இருக்கும். அது உட்காரும் இடத்தைத் துருவில்லாமல் மினுங்கத் தேய்க்க வேண்டும், சின்னப் பள்ளம் இருந்தாலும் ஒழுகும்.

டீயில் முழுவாய் திறக்கும் வால்வைப் பூட்டினோம். டீக்கும் வால்வுக்கும் உள்ளே தண்ணீர் நிரப்பி, குழாயின் அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே ஏற்றிச் சோதித்தோம். அளவுக்கு மீறி ஏற்றினால் குழாய்ச் சுவர் உள்ளே நெளிந்துவிடும், அதையும் கவனி. பிறகு வால்வின் மேல் துளையிடும் இயந்திரம். அது கொழும்பிலிருந்து 260 கிலோமீட்டர் ரோட்டில் வந்தது. அதன் பாரம், வால்வின் பாரம் எல்லாவற்றுக்கும் கீழே தாங்கு கொடுத்தோம். வால்வைத் திறந்து, அதன் வாய் வழியாகக் கட்டரை இறக்கினோம். நடுவில் ஒரு சின்னத் துளைப்பான் முன்னே போகும், அதைச் சுற்றி வட்டக் கட்டர்.

இங்கேதான் கணக்கு வேண்டும். குழாய் வளைவானது. 70 மில்லிமீட்டர் கட்டர் குழாயின் உச்சியைத் தொட்ட பிறகு, வளைவின் பக்கங்களைத் தொட இன்னும் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இறங்க வேண்டும், அதற்கு மேல் சுவரின் தடிப்பு. உச்சி வெட்டுப்பட்டதும் முடிந்துவிட்டது என்று நிறுத்தினால் துண்டு பாதியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். விட்டுவிட்டு இறக்கினால் துளைப்பான் எதிர்ச் சுவரில் முட்டும். எங்கே நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி இயந்திரத்தில் அடையாளம் போட்டுவிட வேண்டும். வெட்டி முடித்ததும் கட்டரை வால்வுக்கு மேலே இழுத்து, வால்வைப் பூட்டி, இயந்திரத்தைக் கழற்றினோம். பம்ப் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

வெட்டிய துண்டு துளைப்பானில் உள்ள கம்பிக் கொக்கியில் மாட்டி மேலே வரவேண்டும். வராவிட்டால் அது குழாய்க்குள் எங்கோ போய்க் கிடக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு வந்தது. அந்தத் துண்டை நான் யாரையும் எறிய விடுவதில்லை. வைத்தியர் சதையில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது போல, அறுக்காமல் பார்க்க முடியாத உட்பக்கம் கைக்கு வந்திருக்கிறது. எங்கள் துண்டின் உள்ளே மெல்லிய கறுப்புப் படலம், அதன் கீழே இரும்பு நல்லாக இருந்தது. செந்துருவும் மேடு மேடாகக் கட்டிகளும் இருந்தால் அந்தச் சுற்றில் எங்கோ புதுத் தண்ணீர் தொடர்ந்து சேர்கிறது என்று விளங்கியிருக்கும். ஹொட்டேல் எஞ்சினியரிடம் கொடுத்து, திகதி எழுதி அலுமாரியில் வைக்கச் சொன்னேன்.

கிளையைத் திறக்கும்போதும் அவசரம் கூடாது. வெறும் குழாயை ஒரேயடியாகத் திறந்தால் சுற்றின் அழுத்தம் விழும், காற்று உள்ளே போகும், சில்லர் தானாக நின்றுவிடும். முதலில் கிளையைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, காற்றை எடுத்துவிட்டு வால்வை மெதுவாகத் திறந்தோம். வெட்டுத் துகள் கொஞ்சம் குழாய்க்குள் விழுந்தே தீரும். அது பம்ப் வாசலில் உள்ள வடிகட்டியில் சேரும். மறுநாளும் அதற்கடுத்த கிழமையும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினோம்.

இனி உன்னுடைய குழாய். சூட்டுக் குழாயில் வேர்வை இல்லை, அது ஒரு வசதி. ஆனால் பொயிலர் ஓடும்போது உள்ளே 80 பாகைத் தண்ணீர் இருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம், உங்கள் 20 மாடிக்கு நிலக்கீழ்த் தளத்தில் 6 பார் வரும். கஸ்கெட் வழுக்கினால் அந்தத் தண்ணீர் ஆள்மேல் பாயும். வெல்டிங் பிடிப்பதென்றால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அந்த இடத்தில் கொதித்து ஆவியாகும். இன்னொன்றை யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். உருக்கு ஒரு மீட்டருக்கு, ஒரு பாகைக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். 30 மீட்டர்க் குழாய் 60 பாகை ஆறினால் 21 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். நவம்பரில் சூடாக இருக்கும்போது கிளையைப் பூட்டிச் சுவரோடு இறுக்கிவிட்டால், வசந்தத்தில் பிரதான குழாய் சுருங்கி அந்த மூட்டை இழுக்கும். கிளைக்கு வளைந்துகொடுக்க இடம் விடச் சொல்.

அதனால்தான் இப்போதே செய் என்கிறேன். பொயிலர் ஓடாத காலத்தில் நீ தண்ணீரை வடிக்கவும் தேவையில்லை, ஓடும் குழாயில் துளை போடவும் தேவையில்லை. பம்ப்பை நிறுத்திவிட்டு, குழாயின் இரண்டு பக்கமும் உறை சுற்றித் திரவ நைதரசன் விட்டு உள்ளேயே ஐஸ் அடைப்பு உண்டாக்கலாம். நைதரசன் கழித்தல் 196 பாகை. நடுத்துண்டை வெட்டி, டீயும் வால்வும் பூட்டி, ஐஸைக் கரையவிட்டால் முடிந்தது. 6 அங்குலக் குழாய் உறையப் பல மணிநேரம் பிடிக்கும், தண்ணீர் அசையவே கூடாது. குளிர்காலத்தில் இது நடவாது, சூட்டுத் தண்ணீர் பம்ப் நின்ற பிறகும் மேலும் கீழும் சுற்றிக்கொண்டிருக்கும், அது ஆறும்வரை காத்திருந்தால் குடியிருப்பவர்கள் விறைத்துப்போவார்கள்.

ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஐஸாகும்போது 9 வீதம் பெருக்கும். இரண்டு அடைப்புக்கும் நடுவில் தண்ணீர் சிக்கிக்கொண்டால் குழாய் வெடிக்கும், அங்கே திறந்த வழி ஒன்று இருக்கவேண்டும். உறைந்த உருக்கைச் சுத்தியலால் தட்டக்கூடாது, உடையும். அடைப்புக்குப் பக்கத்தில் வெல்டிங்கும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரவ நைதரசன் ஆவியாகும்போது ஏறத்தாழ 700 மடங்கு பெருத்து, நிலக்கீழ் அறையின் ஒட்சிசனைத் தள்ளிவிடும். மணமில்லை, நிறமில்லை, ஆள் விழும்வரை தெரியாது. காற்றோட்டமும் ஒட்சிசன் அளக்கும் கருவியும் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாதே.

இடையில் ஒன்று. உங்கள் நகர மையத்துக் கட்டடங்கள் பலவற்றுக்கு 2004இலிருந்து ஒன்ராறியோ ஏரியில் 83 மீட்டர் ஆழத்தில் எடுக்கும் 4 பாகைத் தண்ணீரின் குளிர்தான் போகிறது. நம்முடைய துறைமுக வாசலிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு கிடக்கிறது. நிலாவெளியில் சில்லர் இரைவதைக் கேட்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். நீ ஒருக்கா அந்த நிலையத்தைப் போய்ப் பார்த்து எழுது.

உங்கள் கட்டடம் 1970களில் கட்டியது என்றாய். பழைய இன்சுலேஷனில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், சோதிக்காமல் யாரையும் அதைக் கிழிக்க விடாதே. சோதனை முடிந்ததும் தடிப்பு அளக்க ஆளைக் கூப்பிடு. மேலே, கீழே, இரண்டு பக்கமும் என்று நாலு இடத்தில் எடுத்து, குழாயின் அளவையும் எழுதி எனக்கு அனுப்பு. நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தையும் அனுப்பு, பார்த்துத் தருகிறேன். புரட்டாதி பிறக்குமுன் அவர்கள் கையில் அது இருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்