சைக்கிள் பந்தயச் செய்திகளில் விடுபடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025-ஆம் ஆண்டின் தொழில்முறை சைக்கிள் சாலைப் பந்தயங்களைப் பற்றி நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் வெளிவந்த குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தன. ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சார் டூர் டி பிரான்ஸை நான்காம் முறையாக வென்றார், பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயங்களான ஃபிளாண்டர்ஸையும் லியேஜையும் வென்றார், ருவாண்டாவின் கிகாலியில் உலக சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்தார், அக்டோபரில் இத்தாலியின் ஒருநாள் பந்தயமான லொம்பார்தியாவைத் தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாகக் கைப்பற்றினார். ஆகவே இந்த ஆண்டு அவர் ஒருவருடைய ஆண்டு என்று அவை முடித்துக்கொண்டன. பட்டியலில் பிழை ஏதும் இல்லை. ஆனால், இந்த விளையாட்டில் ஒரு பந்தயம் எப்படி வெல்லப்படுகிறது என்பதை ஒரு வரியிலேனும் சொல்லாமல் வென்றவரின் பெயரை மட்டும் அச்சிடுவது, இதைப் புதிதாக அறிய விரும்பும் வாசகருக்குப் பெருங்குறையாகவே முடியும் என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அந்த முடிவு முழுமையானதல்ல. மார்ச்சில் மிலான்-சான் ரெமோவையும் ஏப்ரலில் பாரிஸ்-ரூபேயையும் வென்றவர் நெதர்லாந்தின் மாத்தியூ வான் டெர் பூல். ரூபேயில் அது அவருக்குத் தொடர்ச்சியான மூன்றாவது வெற்றி. அதே பந்தயத்தில் பொகாச்சார் ஒரு வளைவில் நிலைதவறி விழுந்து இரண்டாவதாகத்தான் வந்து சேர்ந்தார். அடுத்த வாரம் ஆம்ஸ்டெல் கோல்டு பந்தயத்தின் எல்லைக்கோட்டில் அவரை முந்தியவர் டென்மார்க்கின் மத்தியாஸ் ஸ்கெல்மோசெ. மூன்று வாரம் நடக்கும் பெரும் பந்தயங்களில் இத்தாலியின் ஜிரோவுக்கும் ஸ்பெயினின் வுவெல்டாவுக்கும் பொகாச்சார் செல்லவே இல்லை.

இந்த விளையாட்டின் அடிப்படை காற்றுதான். சமதளத்தில் விரைந்து செல்லும் வீரர் தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றைக் கிழிப்பதற்கே செலவிடுகிறார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. ஒவ்வொரு அணியிலும் எட்டுப் பேர் மூன்று வாரம் சாலையில் இருப்பதற்கான காரணம் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஒருவரைக் கடைசி மலை வரை களைப்பில்லாமல் கொண்டு சேர்ப்பதற்காக மற்ற ஏழு பேர் முறைவைத்துக் காற்றை வாங்கிக்கொள்கிறார்கள். அணியின் காருக்குப் பின்தங்கிச் சென்று, சட்டைக்குள் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு மீண்டும் முன்னேறி வந்து தண்ணீர் கொடுக்கிறார்கள். தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தம்முடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்கிறார்கள். அன்றைய வேலை முடிந்ததும் இவர்கள் கூட்டத்திலிருந்து கழன்று, நேர வரம்புக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று மலையேறுகிறார்கள். மறுநாள் காலையில் மீண்டும் அதே வேலை. வெற்றியாளரின் பரிசுத்தொகை அணிக்குள் பகிர்ந்துகொள்ளப்படுவது இந்த விளையாட்டில் நீண்டநாள் வழக்கமாக இருப்பதும் இதனால்தான்.

இதற்கு அந்த ஆண்டு நடந்ததிலேயே மிகச் சிறந்த சான்று, மே 31 அன்று ஜிரோவின் இருபதாம் கட்டத்தில், அதாவது இருபதாம் நாள் ஓட்டத்தில், கிடைத்தது. நம் பக்கங்களில் அது 'பிரிட்டனின் சைமன் யேட்ஸ் சாம்பியன்' என்ற அளவோடு நின்றுபோனது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. அன்று காலை, மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்ஸியோடு புறப்பட்டவர் மெக்சிகோவின் 21 வயது இசாக் டெல் டோரோ. 43 நொடிகள் பின்னால் ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் இருந்தார். யேட்ஸ் ஒரு நிமிடம் 21 நொடிகள் பின்தங்கி மூன்றாம் இடத்தில் இருந்தார். அன்று ஏற வேண்டிய மலை, கடல்மட்டத்திலிருந்து 2,178 மீட்டர் உயரத்தில் உச்சி அமைந்த கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே. அதன் மேற்பகுதியில் தார் இல்லை. வெறும் சரளைப் பாதைதான். 2018-இல், இளஞ்சிவப்பு ஜெர்ஸியைப் பல நாட்கள் அணிந்திருந்த யேட்ஸ், கிறிஸ் ஃப்ரூம் இதே மலையில் தனியே பிரிந்து சென்ற அந்த நாளில்தான் 38 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கி அனைத்தையும் இழந்தார்.

இம்முறை யேட்ஸ் பிரிந்து சென்றபோது, பின்னால் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் கண்காணிப்பதிலேயே முனைந்தார்கள். துரத்துவதற்கு யார் முன்னால் வந்து காற்றை வாங்கினாலும் பயன் மற்றவருக்குத்தான் என்ற கணக்கு இருவர் மனத்திலும் இருந்தது. அப்படியிருந்தும் யேட்ஸ் உச்சியைக் கடந்தபோது அவருக்குக் கிடைத்திருந்தது மெல்லிய முன்னிலைதான். இறக்கத்தையும் பள்ளத்தாக்கையும் தாண்டி செஸ்ட்ரியெர் வரை மீண்டும் ஏற வேண்டிய தொலைவு அவர் முன்னால் இருந்தது. தனியாக ஒருவர் அங்கே காற்றோடு போராடினால், பின்னால் வருபவர்கள் மனம் மாறிக் கைகோத்த கணமே பிடிபட்டுவிடுவார். ஆனால் யேட்ஸ் தனியாக இல்லை. அவருடைய அணியைச் சேர்ந்த பெல்ஜியத்தின் வௌட் வான் ஆர்ட், அன்று தொடக்கத்திலேயே பிரிந்து சென்ற குழுவோடு போய், மலைக்கு அப்பால் யேட்ஸுக்காகக் காத்திருந்தார். யேட்ஸ் வந்து சேர்ந்ததும் அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தன்னிடம் மிச்சமிருந்த வலு முழுவதையும் அந்தச் சாலையில் செலவிட்டார். வான் ஆர்ட் விலகிக்கொண்டபோது பந்தயம் தீர்ந்துவிட்டிருந்தது. டெல் டோரோவும் கரபாஸும் யேட்ஸுக்கு ஐந்து நிமிடங்களுக்கும் மேல் பின்னால் எல்லையைத் தொட்டார்கள். மறுநாள் ரோமில் யேட்ஸ் 3 நிமிடம் 56 நொடி முன்னிலையில் ஜிரோவை வென்றார்.

அந்த உழைப்பைத் தந்த வான் ஆர்ட் முன்பின் அறியாத ஒருவர் அல்லர். டூரில் பல கட்டங்களை வென்றவர், எந்த அணியிலும் தலைவராக இருக்கத் தகுந்தவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஏப்ரல் 2 அன்று பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் முடியும் பந்தயத்தில், முன்னணியில் இருந்த நால்வரில் மூவர் அவருடைய அணியினர். அவரை வெல்ல வைப்பதற்காக மற்ற இருவரும் தம் வாய்ப்பை விட்டுக்கொடுத்து உழைத்தார்கள். ஆனால் கடைசி ஓட்டத்தில், மூவருக்கும் எதிரே தனியாக நின்ற அமெரிக்கரான நீல்சன் பவுலெஸ் வான் ஆர்ட்டை முந்திவிட்டார். எண்ணிக்கை பலம் இருந்தும் கணக்கு பொய்த்த அந்த நாளுக்கான பொறுப்பை வான் ஆர்ட் வெளிப்படையாகத் தானே ஏற்றுக்கொண்டார். அதே மனிதர் மே மாத இறுதியில் இன்னொருவரின் வெற்றிக்காகத் தன்னைக் கரைத்துக்கொண்டதையும், பிறகு ஜூலை 27 அன்று மழையில் நனைந்த மோன்மார்த்ர் குன்றின் கல்பாவிய சாலையில் பொகாச்சாரையே பின்னால் விட்டுவிட்டு டூரின் கடைசிக் கட்டத்தை வென்றதையும் சேர்த்துப் பார்க்கிறவருக்குத்தான் அந்த ஆண்டு என்னவென்று விளங்கும். ஜூலையில் மட்டும் கண்திறக்கும் விளையாட்டுப் பக்கத்தில் இந்தத் தொடர்ச்சிக்கு இடமே இல்லை.

பொகாச்சாரின் வெற்றிகளைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. அவர் காலத்தில் வாழ்ந்து அவர் பந்தயங்களைப் பார்க்கக் கிடைத்ததை நான் பெரும் பேறாகவே எண்ணுகிறேன். ஆனால் டூரில் முதலிடத்துக்கு உரிய அவருடைய மஞ்சள் ஜெர்ஸியும் எட்டுப் பேர் சேர்ந்து ஈட்டியதுதான். ஒவ்வொரு நாளும் சமதளத்தில் கூட்டத்தின் தலைப்பகுதியில் மணிக்கணக்கில் இழுத்துச் செல்லும் அவருடைய அணியின் நெடிய ஜெர்மானியர் நில்ஸ் பொலிட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அறிவார்கள். பந்தயம் சூடுபிடித்து அனைவரும் பார்க்கத் தொடங்கும் நேரத்தில் அவர் பின்தங்கிப் போயிருப்பார். டிம் வெலென்ஸும் அத்தகைய உழைப்பாளிதான். அவருக்கு 15-ஆம் கட்டத்தில் ஒரு நாள் விடுதலை கிடைத்தது. தனியே சென்று கார்க்கஸோனில் வென்றார்.

மகளிர் பந்தயங்களுக்கு நம் பக்கங்களில் கிடைத்த இடம் இதைவிடவும் குறைவு. ஏப்ரலில் மகளிர் பாரிஸ்-ரூபேயையும் ஆகஸ்டில் மகளிர் டூர் டி பிரான்ஸையும் ஒரே ஆண்டில் வென்றவர் பிரான்ஸின் பவுலின் ஃபெராண்ட்-ப்ரெவோ. 2024 ஒலிம்பிக்கில் மலைப்பாதை சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்றுவிட்டு, சாலைப் பந்தயத்துக்குத் திரும்பிய முதல் ஆண்டிலேயே இதைச் செய்தார். ரூபேயின் கல்பாவிய சமதளமும் டூரின் மாட்லேன் போன்ற நெடிய மலையும் முற்றிலும் வேறு வேறு உடலமைப்பைக் கேட்பவை என்பதை அறிந்தவர்கள் இந்த இரட்டை வெற்றியின் அருமையை உணர்வார்கள். அந்த டூரின் முதல் நாளில் ப்ளூமெலெக் ஏற்றத்தில் அவர் வெற்றிக்கு மிக நெருங்கி வந்தபோது, எல்லைக்குச் சற்று முன்னால் அவரைத் தாண்டிச் சென்று வென்றவர் அவருடைய அணியைச் சேர்ந்த 38 வயது மரியான் வோஸ். மலைகள் வந்தபோது அதே அணியின் நம்பிக்கை ஃபெராண்ட்-ப்ரெவோவிடம் வந்து சேர்ந்தது. செப்டம்பரில் கிகாலியில், பெரிய பெயர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே தயங்கி நிற்க, கனடாவின் மக்டலீன் வால்லியர் உலக சாம்பியன் ஆனார். ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப் சாலைப் பந்தயங்களில் ஒன்று அது என்பதற்காகவேனும் நான்கு வரி கிடைத்திருக்கலாம்.

தங்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. சைக்கிள் பந்தயத்துக்கென்று தனிப் பக்கம் ஒதுக்க இயலாது என்பது எனக்குப் புரிகிறது. வெளியிடும் செய்தி ஐந்து வரியாக இருந்தாலும், அதில் ஒரு வரி பந்தயம் எந்த இடத்தில், யாருடைய உழைப்பால் திரும்பியது என்பதைச் சொல்லட்டும். டூர் நடக்கும் மூன்று வாரங்களோடு நில்லாமல், ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி அக்டோபரில் லொம்பார்தியா வரை செல்லும் ஆண்டில், ஃபிளாண்டர்ஸ், ரூபே, லியேஜ், ஜிரோ, வுவெல்டா ஆகியவற்றின் முடிவுகளேனும் ஆடவர், மகளிர் இரு பிரிவுகளுக்கும் வெளிவரட்டும். 2025 வுவெல்டாவின் இறுதிக் கட்டம் மாட்ரிடில் போராட்டங்களால் நிறுத்தப்பட்டது நம் பக்கங்களில் செய்தியானது. அதற்கு முந்தைய இருபது நாட்களில் டென்மார்க்கின் யோனாஸ் விங்ககார்ட் அந்தப் பந்தயத்தில் முதலிடத்துக்கு உரிய சிவப்பு ஜெர்ஸியை எப்படிக் கைப்பற்றினார் என்பதையும் வாசகர்கள் அதே பக்கத்தில் படித்திருக்க வேண்டும். வரும் ஆண்டின் நாட்காட்டியை, முக்கியப் பந்தயங்களின் தேதிகளோடு, பருவம் தொடங்குமுன் ஒருமுறை வெளியிட்டால் என்னைப் போன்ற வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்