பொருள்: சுயமாகப் படிக்க ஏற்றது என்று விற்ற பயன்பாட்டுக் கணிதப் புத்தகத்தில் உள்ள குறைகள்

பெறுநர்: பதிப்பகத்தின் வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா / அம்மா,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் வந்தது. அதனால் தயவுசெய்து இதை யாராவது ஒருவர் கடைசி வரை படியுங்கள்.

என் பிரதியில் 256ஆம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் 241 தொடங்குகிறது. 257 முதல் 272 வரை இல்லவே இல்லை. ஒரு பாரம் (சேர்த்து மடித்துத் தைக்கும் 16 பக்கக் கட்டு) மாறிப்போயிருக்கிறது. அந்த 16 பக்கங்களில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: ஃபூரியே தொடர், அதாவது ஒரு சார்பை சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதும் முறை. அடுத்த அத்தியாயம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

சரி, பைண்டிங் தவறு யாருக்கும் நடக்கலாம். ஆனால் கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் வெப்பச் சமன்பாட்டுக் கணக்கின் விடை? கம்பியின் நீளம் பை (π), வெப்பப் பரவல் மாறிலி 1, இரு முனைகளும் பூஜ்ய டிகிரியில், நடுவில் தொடக்கத்தில் 100 டிகிரி, ஆரம்பப் பரவல் சைன் வடிவம். ஒரு அலகு நேரம் கழித்து நடுவில் சுமார் 37 டிகிரிதான் இருக்க வேண்டும். உங்கள் விடையில் e-இன் அடுக்கில் (மேலே சிறிதாக எழுதும் இடத்தில்) இருக்க வேண்டிய மைனஸ் குறி விட்டுப்போயிருக்கிறது. அதன்படி போட்டால் 272 டிகிரி வருகிறது. ஆறவேண்டிய கம்பி தானாகச் சூடேறுகிறது! மூன்று வாரம் நான்தான் தப்பாகப் போடுகிறேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டேன். வகுப்பில் இருப்பவர் ஆசிரியரைக் கேட்டுவிடுவார். தனியாகப் படிப்பவனுக்குப் புத்தகம்தான் ஆசிரியர்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் ஊழியர் சொன்னது: "கணக்கு வரலைன்னா டியூஷன் சேர்ந்துக்கோங்க சார்." சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். டியூஷனுக்குப் போக முடியாதவன்தானே இந்தப் புத்தகத்தை வாங்குவான்!

நேரில் வரச் சொன்னீர்கள். அரை நாள் விடுப்பு எடுத்து, புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "வாங்கின கடையிலேயே மாத்திக்கோங்க" என்றார்கள். கடையிலோ பதிப்பகத்தைக் கேளுங்கள் என்றார்கள். உங்கள் அலுவலகத்தில் காத்திருந்தபோதும் "டியூஷன்" என்று தொலைபேசியில் சொன்ன அதே குரல்தான் உள்ளே கேட்டது. அது அவர்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பின்பக்கம் ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு மட்டும்தான் விடை. மற்றவற்றுக்கு இணையதளத்துக்குப் போனால், கல்லூரி ஆசிரியர் என்று நிரூபிக்கச் சொல்கிறது. அட்டையில் "சுயமாகப் படிக்க, முழு விடைகளுடன்" என்று எதற்குப் போட்டீர்கள்? அந்த வெப்பச் சமன்பாடு போன்ற பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை இந்த வருடம் முடித்துவிட வேண்டும் என்று தினமும் இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்தேன். அந்த வருடமே வீணாகிவிட்டது. அதை யார் திருப்பித் தருவார்கள்?

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. வகைக்கெழுச் சமன்பாட்டை எளிய இயற்கணிதமாக மாற்றித் தீர்க்க உதவும் லாப்லாஸ் உருமாற்றம் பற்றிய அத்தியாயம் அருமையாக இருக்கிறது. படிப்படியாக, ஒரு வரியும் தாவாமல் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

நல்ல பிரதி ஒன்று, பிழைதிருத்தப் பட்டியல், எல்லாக் கணக்குகளுக்கும் விடை ஆகிய மூன்றையும் 15 நாளுக்குள் அனுப்புங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அந்தத் தொலைபேசி உரையாடலையும் எழுதிக் கொடுப்பேன்.

பழைய பிரதி என் மேசையில் இருக்கிறது. எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள். நான் இனி அங்கே வருவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்