போவின் இருட்டுக் கதைகளுக்கு விளக்குப் பிடித்தவர்களுக்கு

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் நான்கு சிறுகதைகளை மூலத்தையும் தமிழாக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து முடித்திருக்கிறோம். நீங்கள் இல்லாவிட்டால் பாதி நழுவியிருக்கும்.

கொத்தனார் அண்ணனுக்கு முதல் நன்றி. 1846இல் வெளிவந்த ‘அமோண்டில்லாடோ பீப்பாய்’ (அமோண்டில்லாடோ ஒரு வகை மது) கதையில் ஒருவன் இன்னொருவனைச் சங்கிலியில் பூட்டி, உயிரோடு சுவர் வைத்து மூடுகிறான். மொத்தம் பதினோரு வரிசை. அதை வெறும் எண்ணாகத் தாண்டிப் போகவிடாமல், ஒவ்வொரு வரிசைக்கும் நிறுத்திக் கையால் உயரம் காட்டினீர்கள். முதல் வரிசை முடிந்ததுமே போதை தெளிந்த முனகல். நான்கு முடிந்ததும் சங்கிலி குலுங்கும் சத்தம். ஏழு முடிந்தால் சுவர் கட்டுபவனின் மார்பளவு. பயமே அந்த உயரத்தில்தான் ஏறுகிறது. தமிழாக்கத்தில் ‘கரண்டி’ என்று மட்டும் இருந்ததால் அடுப்படிதான் நினைவுக்கு வந்தது. ‘கொத்துக்கரண்டி’ என்று நீங்கள் திருத்திய பிறகுதான் அந்த இடமே துலங்கியது. ஆங்கிலத்தில் கொத்தனாருக்கான ‘மேசன்’ என்ற சொல்லே ஒரு ரகசியச் சங்கத்து உறுப்பினரையும் குறிக்கும். ‘நீ அந்தச் சங்கமா? அடையாளம் காட்டு’ என்று கேட்டவனிடம், கொலைகாரன் அங்கிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுவது நிஜக் கொத்துக்கரண்டி!

‘காட்டிக்கொடுத்த இதயம்’ கதையில் சுவருக்குள் கேட்பதைச் ‘சாவுக் கடிகாரம்’ என்றே படித்துக்கொண்டிருந்தோம். அது மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டு, இணையை அழைக்கத் தலையால் மரத்தைத் தட்டும் என்று சொன்ன பூச்சியியல் தம்பிக்கு நன்றி. ஆங்கிலப் பெயரிலுள்ள ‘வாட்ச்’ கடிகாரத்தை மட்டுமல்ல, விழித்திருந்து காப்பதையும் குறிக்கும்; நோயாளிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களின் காதில் விழுவதால் வந்த பெயர் அது.

‘அஷர் வீட்டின் வீழ்ச்சி’யை (1839) ஒரே மூச்சில் வாசித்துக் காட்டிய அத்தைக்கு எப்படி நன்றி சொல்வது? சிறுகதையை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும், இடையில் எழுந்தால் அதன் பிடி தளர்ந்துவிடும் என்பது போவின் கட்சி. தலைப்பில் உள்ள சொல் கட்டடத்தையும் வம்சத்தையும் சேர்த்தே குறிக்கிறது. ‘அந்த வீட்டில் பெண் எடுத்திருக்கிறோம்’ என்று நாம் சொல்வதில்லையா, அதே வீடுதான் என்றீர்கள். அடிக்குறிப்பே தேவைப்படவில்லை. கூரையிலிருந்து கோணல்மாணலாக இறங்கி ஏரித் தண்ணீரில் மறையும் மெல்லிய விரிசல் தொடக்கத்திலேயே வருகிறது. அந்த வரியில் உங்கள் குரல் தாழ்ந்ததால்தான், கடைசியில் வீடு பிளக்கும்போது எல்லோருக்கும் அது நினைவிருந்தது.

ஓவிய ஆசிரியைக்கு: ‘செஞ்சாவின் முகமூடி விருந்து’ (செஞ்சாவு கதையில் வரும் கொள்ளைநோய்) கதையின் ஏழு அறைகளைத் தமிழில் எண்ணினால் ஆறு நிறம்தான் வந்தது. இரண்டாவதும் ஆறாவதும் ‘ஊதா’ என்றே இருந்ததுதான் காரணம். செவ்வூதா, நீலவூதா என்று பிரித்து, கிழக்கே நீலத்தில் தொடங்கி மேற்கே கறுப்பில் முடியும்படி வரைந்து கொடுத்தீர்கள். அந்தப் படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ஆறு அறைகளுக்கு ஜன்னல் கண்ணாடியும் அறையின் நிறமே, கறுப்பு அறைக்கு மட்டும் இரத்தச் சிவப்பு.

அன்புடன்,
வாசிப்புக் குழுவினர்