மேடு உள்ளே, பள்ளம் வெளியே

ஷெஃபீல்டு
ஜனவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம் என்று நேற்று ராத்திரிதான் போனில் பார்த்தேன். நலமறிய ஆவல் என்று எழுதினால் பொய்யாகிவிடும். தினம் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று யோசிப்பீர்கள். போன வாரம் கேட்டீர்களே, "எம்.காம். படிச்சவ அங்க போய் அட்டை ஒட்டிக்கிட்டு இருக்கியாம்மா?" என்று, அதற்குப் போனில் எனக்குப் பதில் வரவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். ஆனால் அம்மா சட்டென்று போனை வாங்கி, "அங்க மழையா?" என்று பேச்சை மாற்றியதிலேயே தெரிந்துவிட்டது, நீங்கள் இரண்டு பேரும் இதை ஏற்கெனவே பேசி முடித்துவிட்டீர்கள் என்று.

கவருக்குள் நான் செய்த ஒரு வாழ்த்து அட்டை இருக்கிறது. இப்போதே எடுக்காதீர்கள். இதைப் படித்த பிறகு எடுங்கள்.

நம் வீட்டுக்கு வாழ்த்து அட்டை என்று வந்ததெல்லாம் பொங்கலுக்குத்தான். செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கயிறு கட்டித் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும். ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் கரும்பும் பானையும், நடுவில் ரஜினி, கமல். நானும் தம்பியும் ஆளுக்கு நாலு வாங்குவோம். கவரை ஒட்டாமல் போட்டால் ஸ்டாம்பு குறைவு என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். மற்றதெல்லாம் பத்திரிகை. அதையும் முக்கியமானவர்களுக்கு நேரில் கொண்டுபோய்த் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்தாக வேண்டும். தபாலில் வந்த பத்திரிகையை நம்பி அத்தை எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை.

இங்கே எல்லாவற்றுக்கும் அட்டை. பிறந்தநாள், கல்யாண நாள் சரி. டிரைவிங் டெஸ்ட் பாஸானால் ஒன்று, வீடு மாறினால் ஒன்று, உடம்பு சரியில்லை என்றால் ஒன்று. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிற புருஷன் பெண்டாட்டிக்கு அட்டை வாங்கி, கவரில் போட்டு, மேலே பேர் எழுதிக் கொடுக்கிறார். ஆபீஸில் யாராவது வேலையை விட்டுப் போகிறார் என்றால், அவருக்குத் தெரியாமல் ஒரு பெரிய அட்டை மேஜை மேஜையாகச் சுற்றி வரும், எல்லாரும் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். நூறு வயது ஆனால் அரசரே அட்டை அனுப்புவார்! அன்னையர் தினம்கூட இவர்களுக்கு வேறு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தின் நாலாவது ஞாயிறு, பெரும்பாலும் மார்ச்சில் வரும். முதல் வருஷம் நான் மே மாதத்துக்கு என்று செய்து அடுக்கி வைத்து, ஒன்றுகூட விற்கவில்லை.

அச்சுப் பட்டறை வைத்திருந்த உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு அச்சுக் கதை. 1843ல் லண்டனில் ஹென்றி கோல் என்று ஒருவர். கிறிஸ்துமஸுக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதி மாளவில்லை. ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஒரு படம் வரைய வைத்து, கல்லச்சில் ஆயிரம் பிரதி அடித்து, கையால் வர்ணம் தீட்டி, மீதியை ஒன்று 1 ஷில்லிங் என்று விற்றார். அதுதான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை. மூன்று வருஷம் முன்னால்தான், 1840ல், நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் 1 பென்னி என்று தபால் கட்டணம் வந்திருந்தது. தபால் மலிவானதால் அட்டை வந்தது, அவ்வளவுதான். படத்தில் குடும்பமே கையில் ஒயின் கிண்ணம் வைத்திருக்கிறது, ஒரு சின்னக் குழந்தைக்கும் ஊட்டுகிறார்கள். அதற்காகத் திட்டும் வாங்கினார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். உங்கள் பேத்தி பாப்பாவின் சிநேகிதிக்குப் பிறந்தநாள். கடையில் அட்டை 4 பவுண்டு. எனக்கு மனசு வரவில்லை. வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கி, வர்ணத்தில் தொட்டு, பள்ளிக்கூடத்தில் செய்வோமே, அந்தப் பூவை வரிசையாக அச்சடித்து, நடுவில் என் கொலுசை வைத்தேன். கொலுசையே வைக்கவில்லை, பயப்படாதீர்கள். மெல்லிய காகிதத்துக்கு அடியில் கொலுசைப் பரப்பி, மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன், பத்து பைசாவை வைத்துத் தேய்ப்போமே அது மாதிரி. மாங்காய், திருகாணி, சலங்கை எல்லாம் அப்படியே வந்தது. அதை வெட்டி ஒட்டினேன். அந்தக் குழந்தையின் அம்மா மறுநாள் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டாள். (வெண்டைக்காய் கால் கிலோ கடை அட்டையின் பாதி விலை ஆகிவிட்டது. மிச்சத்தைப் பொரியல் செய்தேன்.)

அப்புறம் சர்ச் ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மேஜை வாடகைக்கு எடுத்தேன். உங்கள் மாப்பிள்ளை பெட்டி தூக்குவார். அங்கேதான் முதல் பெரிய ஆர்டர் வந்தது, ஒரு வாத்தியார் ஓய்வு பெறுகிறார், எல்லாரும் எழுத இடம் இருக்கிற மாதிரி பெரிதாக ஒன்று. கரு நீல அட்டை, முந்நூறு ஜிஎஸ்எம், நல்ல தடிமன். வழக்கம் போல ரூலர் வைத்துக் கோடு கீறி மடித்தேன். மடிப்பு நெடுக வெடித்து வெள்ளை வெள்ளையாகப் பல்லிளித்தது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் வெடித்தது. சின்ன அட்டை நூறு மடித்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. அதே கடை, அதே கட்டு.

ராத்திரி பதினோரு மணி. மூன்றாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்கள் குரல் கேட்டது அப்பா. "பேப்பருக்கும் ஓட்டம் இருக்கு பாப்பா. ரெண்டு பக்கமும் வளைச்சுப் பாரு, எந்தப் பக்கம் சொன்னபடி கேக்குதோ அந்தப் பக்கம் மடி." வளைத்துப் பார்த்தேன். நீளக் குழலாகச் சுருட்டினால் சுலபமாகச் சுருண்டது, குட்டைக் குழலாகச் சுருட்டினால் முரண்டு பிடித்தது. கட்டில் வந்த ஏ4 தாளில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதைப் பாதியாக வெட்டிச் சின்ன அட்டை மடிக்கும்போது மடிப்பு தானாகவே நாரோடு போய்விடுகிறது, எனக்குத் தெரியாமலே. முழுத் தாளை மடிக்கும்போது நாருக்குக் குறுக்கே உடைக்கிறேன். மறுநாள் பெரிய தாளாக வாங்கி, ஓட்டம் பார்த்து வெட்டினேன்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. கோடு கீறின பள்ளத்துக்குள் மடிப்பதுதான் சரி என்று இங்கே பலபேர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் ட்ரெடில் அச்சு மெஷினில் கிரீசிங், அதாவது மடிப்புக் கோடு, போட்ட பத்திரிகையை மடிக்கிறபோது மூங்கில் பத்தையால் இழுத்துக்கொண்டே சொல்வீர்கள், "மேடு உள்ளே, பள்ளம் வெளியே." நான் அதை ஏதோ பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணியிருந்தேன், பொருள் புரியவில்லை. திருப்பி மடித்துப் பார்த்தேன். கத்தி போல மடிந்தது. பட்டறையில் ஏழாம் வகுப்பு லீவில் நான் பத்திரிகை எண்ணி அடுக்கியதற்கு நூறு பத்திரிகைக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பீர்கள். எம்.காம். அதற்கப்புறம் வந்ததுதானே.

பூ எழும்பி நிற்கிற அச்சும் இப்போது போடுகிறேன். மெதுவாகக் காய்கிற மையில் முத்திரை குத்தி, மேலே பொடி தூவி, தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால் பொடி உருகிப் பளபளவென்று எழும்பும். விசிட்டிங் கார்டுக்கு நீங்கள் வெளியே கொடுத்து வாங்குவீர்களே, அந்த வேலைதான், கையளவில். குத்துவதற்கு முன்னால் அட்டையில் டால்கம் பவுடர் லேசாகத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் பொடி கண்ட இடத்தில் ஒட்டி அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். போன டிசம்பருக்கு நான் வரைந்தது நாகலூர் எஸ்டேட்டில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காப்பிச் செடி. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஏற்காடு போனால் பழம் சிவந்து கொத்துக் கொத்தாகக் காம்போடு ஒட்டிக்கொண்டு இருக்குமே, அது. கரும்பச்சை இலை, சிவப்புப் பழம். மேஜையில் வைத்த ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம்தான் தெரிந்தது, வாங்கினவர்கள் எல்லாரும் அதை ஹாலி என்று நினைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு இவர்கள் வாசலில் கட்டுகிற செடி, அதற்கும் பச்சை இலை, சிவப்புப் பழம். ஹாலி இலையில் முள் இருக்கும், காப்பி இலையின் ஓரம் அலை அலையாக இருக்கும், நன்றாகப் பார்த்தால் தெரியும். முதல் மூன்று பேரைத் திருத்தினேன். நாலாவது ஆள் முகம் வாடிப்போய் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டார். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. பின்பக்கம் மட்டும் சின்னதாகத் தமிழில் "ஏற்காட்டுக் காப்பிப் பழம்" என்று எழுதிவிடுகிறேன். இந்த வருஷம் காப்பிப் பூ போடப் போகிறேன். மழை விழுந்து பத்து நாளில் மலையே வெள்ளையாக மணக்குமே. அதை மல்லிகை என்பார்கள், இருக்கட்டும்.

ஒரு அவமானமும் சொல்லிவிடுகிறேன். மணி, சலங்கை எல்லாம் கோத்து ஒரு அட்டை செய்தேன், பார்க்கக் கோயில் தேர் மாதிரி இருந்தது. வாங்கின அம்மா அதைச் சாதாரண ஸ்டாம்பு ஒட்டி அக்காவுக்கு அனுப்பிவிட்டார். இங்கே சாதாரணக் கடிதம் 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது. அக்கா கூடுதல் காசு கட்டித்தான் பிறந்தநாள் வாழ்த்தை வாங்கினாராம். தப்பு என்னுடையதுதான், சொல்லியிருக்க வேண்டும். இப்போது அட்டையில் 5 மில்லிமீட்டர் பிளவு வெட்டி மேஜையில் வைத்திருக்கிறேன், அதற்குள் நுழையாத எதையும் நான் செய்வதில்லை.

இதுவரைக்கும் எழுதினதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். இனி வருவதுதான் சொல்ல வரவில்லை.

அத்தை போனபோது என்னால் வர முடியவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். நீங்கள் போனைத் தூக்கிப் பிடித்து முகம் காட்டினீர்கள். இரண்டு நாள் கழித்து வாசல் கதவுப் பிளவு வழியாக ஒரு வெள்ளைக் கவர் விழுந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி. அதுவரை குப்பைத் தொட்டி எடுத்து வைக்கும்போது தலையாட்டியதோடு சரி. பாப்பா சொல்லியிருக்கிறாள் போல. அட்டையில் ஒரு வெள்ளைப் பூ, உள்ளே கையெழுத்தில் இரண்டே வரி: உன் அத்தைக்காக வருந்துகிறேன், தூரத்தில் இருப்பது கஷ்டம்தான்.

எனக்குக் கை கூசியது அப்பா. நம் வீட்டில் கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவோம், உள்ளே கொண்டுவந்ததில்லை. இங்கே அதை அலமாரி மேல் நிறுத்தி வைக்கிறார்கள். கிழிக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. மேஜை டிராயரில் போட்டேன். அடிக்கடி டிராயரைத் திறந்தேன்.

நாலு மாசம் கழித்து நானே துக்க அட்டை செய்தேன். என்ன போடுவது என்று தெரியவில்லை. கடைசியில் நீங்கள் போடுகிற மாதிரி ஓரத்தில் கறுப்பு ரூல், அதாவது கறுப்புக் கோடு மட்டும். வேறு பூ, படம் ஒன்றும் இல்லை. யாரும் வாங்க மாட்டார்கள் என்று பின்வரிசையில் வைத்தேன். ஒரு பாட்டி எடுத்து வெகு நேரம் பார்த்துவிட்டு, என் பாட்டி வீட்டில் இந்த மாதிரி கறுப்புக் கரை போட்ட காகிதம் கட்டுக் கட்டாக இருக்கும், துக்கம் வந்தால் அதில்தான் எழுதுவார்கள், இப்போது யார் செய்கிறார்கள் என்றார். விக்டோரியா ராணி காலத்து வழக்கமாம். நம் பட்டறை ரூல் எந்தக் கப்பலில் ஏறி செவ்வாய்ப்பேட்டைக்கு வந்ததோ.

அந்த அட்டைக்கு விலைச்சீட்டு போடுவதில்லை. கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து விளக்கைப் போட்டு எழுத்துக் கோப்பீர்கள், கருமாதி வேலைக்குப் பேரம் கூடாது என்பீர்கள். அம்மா அதற்காகச் சண்டை போடுவாள். அவளிடம் இந்தப் பத்தியைப் படிக்காதீர்கள்.

ட்ரெடிலை எடைக்குப் போட்டபோது பார்டர் பிளாக்குகளை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் எடுத்து வைத்தீர்கள், பரண் மேல் இருக்கும். அதில் மாங்காய் பார்டர் இரண்டு, முத்துக் கரை ஒன்று, மரக்கட்டையில் ஆணி அடித்தது. தம்பி மார்ச்சில் வரும்போது கொடுத்து அனுப்புங்கள். ஈய எழுத்து வேண்டாம், கனம்.

இப்போது அட்டையை எடுங்கள். பொங்கல் வாழ்த்துதான், கரும்பும் பானையும் போட்டிருக்கிறேன், ரஜினி வரைய வரவில்லை. முன்பக்கத்தை அம்மா பார்க்கட்டும். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிப்பைப் பாருங்கள். எங்கேயாவது வெடித்திருந்தால் போனில் சொல்லுங்கள்.

உங்கள் மகள்