துணிப் பொதிக்குள் ஒரு கடிதம்

மஸ்கெலியா,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் "அம்மா, ஒரு விஷயம்" என்று தொடங்கி, பிறகு ஒன்றுமில்லை என்றாய். விடாமல் கேட்டதும்தான், "கீழே ஒரே அரிப்பு, ராத்திரி தூங்க முடியல" என்று சொன்னாய். நான் "ம்" மட்டும் கொட்டியது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் நம் காம்பராச் சுவர் கூரை வரைக்கும் போகாதது உனக்குத் தெரியும். இங்கே இருமினாலே பக்கத்துக் காம்பராவில் கேட்கும். அதனால்தான் எழுதிப் பாவாடை மடிப்பில் வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது வாசி.

இது நீ சுத்தமில்லாமல் இருந்து வந்தது இல்லை, பிள்ளை. மாசமாக இருக்கும்போது ஹோர்மோன் கூடுவதால் உள்பக்கத்துத் தோலில் ஒரு வகைச் சர்க்கரை அதிகம் சேரும். எப்போதும் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பங்கசு என்ற பூஞ்சை அதைத் தின்று பெருகிவிடும். அரிப்பு, எரிவு, தயிர்க்கட்டி போல வெள்ளை படுதல், அதில் கெட்ட வாடை இல்லை என்றால் பெரும்பாலும் அதுதான். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவாக இருந்த காலத்தில் எத்தனை தாய்மார் வந்து என் காதில் மட்டும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்!

உன் அண்ணன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் வந்தது. ஆடி மழை. இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு காலையில் கொழுந்து பறிக்க மலையேறினால் மாலை வரைக்கும் உள்ளே போட்ட துணியெல்லாம் ஈரம். மலையில் கக்கூசும் கிடையாது. வீட்டுக்கு வந்து அடுப்புக்கு மேலே காயப்போட்டால் மறுநாளும் அரை ஈரத்தோடுதான் உடுத்துவேன். அரிப்பு தாங்காமல், புண் கழுவும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கழுவினேன். தோல் உரிந்து, வாசல் திண்ணையான இஸ்தோப்புப் படியில் உட்கார முடியாமல் போனது. ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. கடைசியில் என் நடையைப் பார்த்துத்தான் மிட்வைஃப் மிஸ்ஸி கண்டுபிடித்தார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, "அரிக்கிதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் அழுதேன். அவர் டாக்டரிடம் அனுப்பி, மருந்து கிடைத்து, ஒரு வாரத்தில் சுகமானது. அந்த ஒரு மாதத்தை நீயும் கழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

உனக்கு மழை இல்லை, கொழும்பு வெயில் இருக்கிறது. நாள் முழுக்கத் துணிக்கடையில் நின்று, நைலோன் காற்சட்டைக்குள் வேர்த்துக்கொண்டிருக்கிறாய். அதுவும் நனைந்த துணி மாதிரிதான். இந்தப் பொதியில் பருத்தி உள்ளாடை ஆறும், சீத்தையில் நானே தைத்த பாவாடை மூன்றும் இருக்கின்றன. இடுப்பில் நாடா வைத்திருக்கிறேன், வயிறு வளர வளரத் தளர்த்திக்கொள். மதியம் கடையிலேயே ஒரு தரம் உள்ளாடை மாற்று. இரவில் உள்ளாடையே வேண்டாம். வாசனைச் சவர்க்காரம், வாசனைப் பேட் இரண்டையும் விட்டுவிடு. வெறும் தண்ணீரில் முன்னாலிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடை. துணி துவைத்தால் சோப்புத்தூள் போகும்வரை அலசு. அரிப்பு கூடும்போது சொறியாதே. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார், அடங்கும்.

அங்கே யாராவது வேப்பிலை அவித்த தண்ணீர், மஞ்சள், உப்பு, வினாகிரி என்று சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனாலும் செய்யாதே. உள்ளே எதையும் ஊற்றிக் கழுவவே கூடாது. தயிரைச் சோற்றோடு சாப்பிடு, அதோடு சரி. பாமசியில் கேட்டு ஒரு குளிசை வாங்கிப் போடவா என்றாயே, அதை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஃபுளுகொனசோல் என்று வாயால் விழுங்கும் குளிசை ஒன்று இருக்கிறது. மாசமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக அதைக் கொடுப்பதில்லை. குளோட்ரிமசோல் என்று உள்ளே வைக்கும் குளிசையும் பூசும் கிறீமும்தான் கொடுப்பார்கள், பெரும்பாலும் 7 இரவுக்கு. இரண்டு நாளில் அரிப்பு நின்றாலும் ஏழு நாளும் வை.

எல்லா அரிப்பும் பங்கசு இல்லை என்பதால்தான் கிளினிக்கில் போய்க் காட்டச் சொல்கிறேன். மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் போனால் அது வேறு கிருமி. கவனிக்காமல் விட்டால் பிள்ளை நாள் முந்திப் பிறக்கும் ஆபத்து கூடும். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்தால் மருமகனுக்கும் சேர்த்து மருந்து எடுக்க வேண்டிவரும். ஒன்றுக்குப் போகும்போது எரிந்து காய்ச்சலும் வந்தால் சலத்தில் கிருமி இருக்கலாம், அன்றைக்கே போ. உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு ஒன்றும் இல்லாமல் இரவில் அரித்தால் அதையும் விட்டுவிடாதே. அது ஈரலில் பித்தம் தேங்குவதாக இருக்கலாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் சீனி. 24 வாரத்துக்கும் 28 வாரத்துக்கும் நடுவில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரத்தம் பார்ப்பார்களே, லீவு கிடைக்கவில்லை என்று அதைத் தள்ளிப்போட்டாய். உனக்கு இப்போது 27. இரத்தத்தில் சீனி கூடினால் இந்தப் பங்கசு திரும்பத் திரும்ப வரலாம். சம்பளத்தில் ஒரு நாள் வெட்டினால் வெட்டட்டும், இந்த வாரமே போ.

கிளினிக்கில் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று கூசாதே. "கசனவா" (அரிக்குது), "சுது யனவா" (வெள்ளை போகுது) என்றால் போதும். மிஸ்ஸிமாருக்கு இது தினமும் கேட்கிற பேச்சு. மருமகனிடமும் சொல்லிவிடு, சுகமாகும் வரைக்கும் தள்ளிப் படுக்கட்டும். கெட்டிக்காரப் பிள்ளை, புரிந்துகொள்வார்.

கிளினிக் போய் வந்ததும் போன் எடு. நான் இஸ்தோப்பில் நின்றுதான் பேச வேண்டியிருக்கும். அதனால் மருந்து கொடுத்துவிட்டார்கள் என்றால் "அம்மா, மழை குறையுது" என்று சொல். முழுதாகச் சுகமானதும் "மழை விட்டிருச்சு" என்று சொல். எனக்குப் புரியும்.

அன்புடன்,
அம்மா