வீடு வந்து சேர்ந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி

சொந்தபந்தங்களுக்கும், யூனிட் அண்ணன்மார்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

பட்டாளத்தில் இருந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே விளங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்த என் வீட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நேற்றுச் சாயங்காலம் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு மாரியம்மன் கோயில் வரைக்கும் போய்த் திரும்பினார். வழியெல்லாம் ஆட்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அழுகையும் சந்தோஷமும் மாறி மாறி வந்தது. விடிந்ததும் விடியாததுமாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நடந்தது என்ன என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத மனசு வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது.

பூனாவில் கட்கி என்ற இடத்தில்தான் இவர் இருந்த ராணுவ ஆஸ்பத்திரி. அங்கே முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அதே கட்கியில், இடுப்புக்குக் கீழேயோ கழுத்துக்குக் கீழேயோ விளங்காமல் போன ஜவான்கள் தங்கி வாழ 1974-ல் ஆரம்பித்த மறுவாழ்வு இல்லம் ஒன்றும் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூடைப்பந்து ஆடுகிறார்கள். கையும் வராதவர்கள் வாயில் பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டு படம் வரைகிறார்கள். இப்படி ஓர் இடம் இருப்பதே, பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்ட எனக்கு அதுவரை தெரியாது.

அந்த இல்லத்திலிருந்து ஒரு பெரியவர் இவரைப் பார்க்க வந்தார். வடக்கே உத்தராகண்டில் கட்வால் பக்கத்துக்காரர், ஹவில்தாராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேலாக நாற்காலியில்தான் இருக்கிறாராம். எல்லோருக்கும் அவர் தாதா. இந்தியில் தாத்தா என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் இவர் யாரிடமும் வாய் திறப்பதில்லை. "சுவர்ப் பக்கமாத் திருப்பிப் போடு" என்பார், அவ்வளவுதான் பேச்சு. தாதா நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார். எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார். பதில் இல்லை. மாட்டியிருந்த அட்டையைப் படித்துவிட்டு, "வீர மதராஸி!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். இவருடைய மதராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தில் முதல் பாதி அது. இவர் வாயிலிருந்து தானாகவே "அடி கொல்லு, அடி கொல்லு" என்று வந்தது. பல நாளைக்கு அப்புறம் இவருடைய சொந்தக் குரலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஆறுதல் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடியில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். சவரம் செய்யும்போது பார்ப்போமே, அந்தச் சின்ன வட்டக் கண்ணாடி. அதை வளைத்த கம்பியில் பொருத்தி, கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். அவரே செய்தது. இவர் கையில் கொடுத்து, "உன் முதுகை இனிமேல் நீதான் பார்க்கணும். ரைஃபிளைத் தினமும் துடைச்சுப் பார்த்தாய் இல்லையா, அது மாதிரி" என்றார். அவர் பேசியது இந்தியில். இவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிய விஷயம்.

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்று அதுவரை நர்ஸ் அம்மாக்கள் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தாதா இவருக்குச் சொல்லிக்கொடுத்தார். குதிகால், கணுக்கால், இடுப்புக்குப் பின்னால் இருக்கிற எலும்பு, உட்காரும் எலும்பு இரண்டு. காலையில் ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை, எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பது. வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே நின்றால், அது ஆறும் வரைக்கும் அந்த இடத்தில் பாரமே விழக் கூடாது. "உங்க ஊர் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. கருத்துத் தெரியும். புறங்கையை வைத்துப் பார், சூடாக இருக்கும்" என்று சொல்லி, இவர் கையைப் பிடித்து இவர் தோலிலேயே வைத்துக் காட்டினார். நாற்காலியில் இருக்கும்போது இரண்டு கையையும் ஊன்றி உடம்பை அடிக்கடி தூக்கிவிட வேண்டும் என்று, பேசிக்கொண்டிருக்கும்போதே தானும் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

போகும்போது என்னைப் பார்த்து, "பேட்டி (மகளே), இன்னைக்கு நீ கொஞ்சம் தூங்கு" என்றார். அந்த இந்தி எனக்கே புரிந்தது.

அதற்கு முன்னால் எல்லோரும் இவரைப் பற்றி என்னிடம்தான் பேசுவார்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா, மாத்திரை போட்டாரா. கட்டிலில் படுத்துக்கொண்டு இவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த உடம்புக்குப் பொறுப்பு இவர்தான் என்று இவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் தாதா. மறுநாள் காலையில் இவராகவே கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எல்லாம். இப்போது வரைக்கும் இவர் உடம்பில் ஒரு புண் கிடையாது. தாதா, உங்களுக்கு இந்தத் தமிழைப் படிக்கத் தெரியாது. இவர் போனில் படித்துச் சொல்வார். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

மற்றவர்களைத் தனித்தனியாக எழுத முடியாததற்கு மன்னியுங்கள். தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் எப்போதும் எங்கள் கூடவே இருக்கும்படி பார்த்துக்கொண்ட யூனிட்டுக்கும், மலையாளம் கலந்த தமிழில் எனக்குத் தைரியம் சொன்ன நர்ஸ் அம்மாக்களுக்கும், டிசெபிலிட்டி பென்ஷன் பேப்பர், உதவியாள் படிக்கான பேப்பர் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக் கொடுத்து, கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொன்றையும் படித்துக் காட்டிய முன்னாள் படைவீரர் நல அலுவலகத்து ஐயாவுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ். கார்டுக்கு அலைந்த என் கொழுந்தனாருக்கும், பிள்ளைகளைத் தன் பிள்ளையோடு பிள்ளையாக வைத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி. கொத்தனார் அண்ணன் கூலி வாங்காமல், நாற்காலி வீட்டுக்குள் ஏறச் சாய்தளம் போட்டுக் கொடுத்தார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்றதும், தன் வீட்டுத் திண்ணை ஓரத்தை இடித்து இடம் விட்டார் பக்கத்து வீட்டு மாமா. அது யாரும் கேட்டுச் செய்ததில்லை.

இன்னொன்று. டிசம்பர் 7 கொடிநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் உண்டியல் கொண்டுவருவார்களே, அந்தக் கொடிநாள் நிதியிலிருந்து கட்கி இல்லத்துக்கும் உதவி போகிறது. சட்டையில் குத்திய காகிதக் கொடிக்கு நீங்கள் போட்ட பத்து ரூபாய் எங்கே போனது என்று நினைத்திருந்தால், நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். தயவுசெய்து தொடர்ந்து போடுங்கள்.

நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். ஆனால் முதுகு ஒடிவது எல்லையில் மட்டும் இல்லையே. மரத்திலிருந்து விழுகிறார்கள், கிணற்றில் விழுகிறார்கள், பைக்கில் விழுகிறார்கள். அவர்களுக்கு யூனிட் கிடையாது, பென்ஷன் கிடையாது, வார்டுக்குத் தேடி வரும் தாதா கிடையாது. நம் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-லிருந்தே இருக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவே விபத்தில் கால் விளங்காமல் போய், நாற்காலியில் உட்கார்ந்தபடி வைத்தியம் பார்த்தவர். அப்படிப்பட்ட இடம் பக்கத்திலேயே இருந்தும், போகத் தெரியாமலும் வசதியில்லாமலும் வீட்டு மூலையில் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

இவரும் நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். சுற்று வட்டாரத்தில் யாருக்கு இப்படி நேர்ந்தாலும், மிலிட்டரியோ இல்லையோ, எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். இவர் அவரிடம் பேசுவார், நான் அந்த வீட்டுப் பெண்ணிடம் பேசுவேன். கண்ணாடி நான்கு ஐந்து செய்து வைத்திருக்கிறார். தென்னையிலிருந்து விழுந்து படுத்திருக்கும் பக்கத்து ஊர்த் தம்பியைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். நாற்காலியை வண்டியில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். வர முடிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் இவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மருமகள்