ஆலமரத்தடியில் பாடம் சொன்னவர்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியா நண்பர்களுக்கு,

வணக்கம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வருகிறவர்களில் சிலர் தங்கிவிடுகிறார்கள், பலர் போய்விடுகிறார்கள். ஏன் என்று தேடிய என் முனைவர் பட்ட ஆய்வு சென்ற வாரம் முடிந்தது. ஆய்வேட்டில் நன்றியுரைக்கு ஒரு பக்கம் உண்டு. நெறியாளர், துறை, உதவித்தொகை என்று எழுதி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் நிறைந்துவிட்டது. உங்களுக்கு ஒரு வரிதான் மிச்சம். அது போதாது, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, என் கணக்கு தவறு என்று சொன்ன மூத்த பயனர் ஐயாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. முதல் ஆண்டில் விக்கியின் தரவுத் தொகுதியை, அதாவது பக்கங்களின் திருத்த வரலாற்றை, மொத்தமாக இறக்கி, யார் யார் எத்தனை தொகுப்புகள் செய்திருக்கிறார்கள் (எத்தனை முறை திருத்திச் சேமித்திருக்கிறார்கள்) என்று எண்ணி, மேலிருந்து கீழாகப் பட்டியல் போட்டேன். இவர்கள்தான் இந்தச் சமூகத்தின் தூண்கள் என்று தலைப்பும் வைத்து, கருத்துக் கேட்டு ஆலமரத்தடியில், அதாவது நம் விக்கியின் பொதுக் கலந்துரையாடல் பக்கத்தில், இட்டேன். அன்றிரவே அவர் பதில் எழுதினார். சேமிக்கும் பொத்தானை யார் எத்தனை முறை அழுத்தினார்கள் என்பதைத்தான் நான் எண்ணியிருக்கிறேன் என்றார்.

கோபமாக எழுதவில்லை, பொறுமையாக விளக்கினார். ஒருவர் ஊரில் அடிக்கடி மின்சாரம் போகும், அதனால் இரண்டு வரிக்கு ஒருமுறை சேமிப்பார்: ஒரே கட்டுரை, நாற்பது தொகுப்பு. இன்னொருவர் நோட்டில் எழுதி, திருத்தி, தட்டச்சு செய்து ஒரே தடவையாக ஏற்றுவார்: முழுக் கட்டுரைக்கும் ஒரு தொகுப்பு. கருவியை வைத்துக் கட்டுரைகளுக்குப் பகுப்புகளை (பொருள்வாரி வகைப் பெயர்களை) சேர்ப்பவர் ஒரே மாலையில் நூறு தாண்டிவிடுவார். அப்புறம், என் பட்டியலில் எங்கோ கீழே கிடந்த ஒரு பெயரைக் காட்டினார். அந்த அம்மா கட்டுரைப் பக்கம் அதிகம் வருவதில்லை. புதியவர்களின் பேச்சுப் பக்கங்களில் கேள்விக்குப் பதில் சொல்வதே அவர் வேலை. அவர் பதில் சொன்ன ஆட்களைப் போய்ப் பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். என் ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

அதன் பிறகு தொகுப்புகளைத் தனித்தனியாக எண்ணுவதை விட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாத வரை எல்லாவற்றையும் ஒரே அமர்வாகக் கொண்டேன். இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது, எனக்குத்தான் அதன் அவசியம் புரியாமல் இருந்தது. பேச்சுப் பக்கங்களையும் சேர்த்துப் படித்தேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பிறகு தொடர்ந்து எழுதுவோர் எண்ணிக்கை சரிந்தது. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்கள்கூடச் சடசடவென நீக்கப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆரன் ஹால்ஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் காட்டினார்கள். அதைப் படித்த எனக்கு, புதியவரின் பேச்சுப் பக்கத்தில் நம்மவர் ஒருவர் எழுதும் நான்கு வரி எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

அதே ஐயா இன்னொன்றும் கேட்டார். விவரம் பொதுவில்தான் கிடக்கிறது, சரி. அதற்காக ஆட்களை வரிசைப்படுத்திக் காட்டலாமா? நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச் தளத்துப் பிள்ளைகள் தங்கள் சமூகத்தின் தரவைத் தாங்களே நிரல் எழுதி ஆராய சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் வழி செய்தார்கள், 2017இல் அதைப் பற்றி எழுதினார்கள். தனியுரிமை என்னாகும், எண்ணிக்கையை வைத்துச் சிலரை ஒதுக்கிவைக்க முடியுமே என்று அந்தப் பிள்ளைகளே கவலைப்பட்டார்கள். ஐயாவின் கேள்விக்குப் பிறகுதான் அந்த ஆய்வு எனக்கு முழுதாக விளங்கியது. பட்டியலை அழித்துவிட்டேன்.

அடுத்து, சனிக்கிழமைதோறும் காணொளியில் உட்கார்ந்து எனக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லித்தந்த கல்லூரித் தம்பிக்கு நன்றி. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சரியாகச் சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் கணினி தனித்தனியாக எண்ணுகிறது. அது மட்டுமில்லை, ஒவ்வொன்றும் மூன்று பைட்டு (கணினி சேமிப்பிடத்தை அளக்கும் அலகு) பிடிக்கிறது. ஆக 'தமிழ்' 15 பைட்டு, அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5. விக்கி வரலாற்றில் கட்டுரையின் அளவு பைட்டில்தான் இருக்கும். அதை அப்படியே எடுத்து, நம் கட்டுரைகள் ஆங்கிலக் கட்டுரைகளைவிட நீளம் என்று ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். தம்பிதான் நிறுத்தினார். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகத்தைக் காட்டினார். அது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே எண்ணும். சம்பளம் எதிர்பாராமல் அதைச் செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தவர்களுக்கு என் வணக்கம்.

நேர்காணலுக்கு நேரம் தந்த புதியவர்கள் எல்லோருக்கும் நன்றி. அதிலும் சிவகங்கைப் பக்கத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கணக்குத் தொடங்கிய பிறகும் மூன்று வாரம் அவர் எந்தக் கட்டுரையையும் தொடவில்லை. தவறாக அழுத்திவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று பயம். பிறகு மணல்தொட்டி என்ற சொல் கண்ணில் பட்டது. எழுதிப் பழகுவதற்கென்றே விக்கியில் உள்ள பக்கத்தின் பெயர் அது. அவருடைய தாத்தா திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகியவர். மணலில் தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம், அடி விழாது என்று தாத்தா சொல்வாராம். இதுவும் அதுதானே என்று டீச்சர் உள்ளே போய்விட்டார்.

இடைமுக வடிவமைப்பு பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். ஒரு சொல் ஒருவருடைய பயத்தை எடுத்துவிடும் என்று எனக்குக் காட்டியது டீச்சர்தான். 2003இல் இ. மயூரநாதன் அபுதாபியில் இருந்தபடி தமிழ் விக்கியின் இடைமுகத்தைத் தமிழாக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் எத்தனையோ பேர் ஒவ்வொரு சொல்லாக விவாதித்துச் சேர்த்தார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் சொல் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்றே தெரிந்திருக்காது. மணல்தொட்டி, ஆலமரத்தடி என்று பெயர் வைத்தவர்களே, உங்கள் சொல் சிவகங்கையில் ஒரு டீச்சரிடம் சேர்ந்தது.

தரவுத் தொகுதிகளைத் தவறாமல் வெளியிடும் விக்கிமீடியா தொழில்நுட்பத் தன்னார்வலர்களுக்கும், இரவெல்லாம் ஓடிய என் மடிக்கணினியின் சத்தத்தைச் சகித்த என் வீட்டாருக்கும் நன்றி.

நான் எழுதிய நிரல்களையும் அட்டவணைகளையும் பயனர் பெயர்களை நீக்கிவிட்டுத் திறந்த உரிமத்தில் வைத்திருக்கிறேன். பெயர் இல்லாவிட்டாலும் உங்களை அடையாளம் காணும்படி ஏதாவது தெரிந்தால், என் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன். கணக்கில் தவறு கண்டால் வழக்கம்போல ஆலமரத்தடியிலேயே சொல்லுங்கள்.

டீச்சர், உங்கள் ஊர்க் கண்மாய்க் கட்டுரைக்குப் படம் கேட்டிருந்தீர்களே. பொங்கலுக்கு அந்தப் பக்கம் வந்தபோது எடுத்து, விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றிவிட்டேன். தண்ணீர் நிறையக் கிடக்கிறது. மதகு பக்கத்துக் கல்லில் இருக்கும் எழுத்தும் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆய்வு மாணவி